எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் சுவரில் படம் வரைகிறவன். 1986-இல், பதினேழு வயதில், ராயப்பேட்டையில் ஒரு பேனர் கம்பெனியில் வர்ண டப்பா கழுவும் பையனாகச் சேர்ந்தேன். இன்றைக்கும் பிரஷ்தான் சோறு போடுகிறது. வீடு வளசரவாக்கத்தில். காலையில் டீ குடிக்க ஆற்காடு ரோட்டுக்கு வந்தால் கண்ணெதிரே வரிசையாக மெட்ரோ தூண்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகிற பாதை அது. இரண்டாம் கட்ட மெட்ரோ மொத்தம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதில் தரைக்கடியில் போவதைக் கழித்தாலும் எத்தனை தூண்கள் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனையும் வெறும் சிமென்ட். இன்று இல்லாவிட்டால் நாளை அவற்றின் மேல் வர்ணம் ஏறத்தான் போகிறது. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தூண் மெட்ரோ நிறுவனத்துடையது, சாலை இன்னொரு துறையுடையது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மேம்பாலம், சுரங்கப்பாதை, பூங்கா, பள்ளிச் சுவர் என்று இந்த ஊரில் அதிகமாக வரையச் சொல்கிறவர்கள் நீங்கள்தான். நீங்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தால் மற்றவர்களும் அதையே பின்பற்றுவார்கள்.

பேனர் வேலை எப்படி நடந்தது என்பதை இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். சினிமா கம்பெனியிலிருந்து ஒரு சின்ன போட்டோ வரும். அதன் மேல் கட்டம் போடுவோம். மரச்சட்டத்தில் இழுத்து அடித்த துணியில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போடுவோம். ஒவ்வொரு கட்டமாகக் கரித்துண்டால் கோடு இழுத்து, அப்புறம் வர்ணம். பின்னணி பையன்களுக்கு, முகம் மாஸ்டருக்கு. கிட்டே நின்றால் நெற்றியில் ஒரு நீலத் திட்டு, கன்னத்தில் ஒரு ரோஸ் திட்டு, மோவாயில் ஒரு பச்சை. ஒன்றும் புரியாது. மாஸ்டர் முதுகைத் தட்டி, "எதிர்ச் சாரியில போய் நின்னு பாருடா" என்பார். ரோட்டைத் தாண்டி நின்று திரும்பினால் அந்தத் திட்டுகள் எல்லாம் சேர்ந்து முகமாகிச் சிரிக்கும்.

நான் கற்ற பெரிய பாடம் அதுதான். தெருவில் வைக்கிற படத்தை, தெருவில் போகிறவன் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பேனரை ஏற்றும்போது பூக்கார அம்மா, ரிக்‌ஷாக்காரர், டீக்கடை அண்ணன் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். "இடது கண்ணு கொஞ்சம் இறங்கிப் போச்சுப்பா" என்று ஒருவர் சொன்னால் மாஸ்டர் கோபப்பட மாட்டார். சாரத்தில் ஏறி, பார்த்து, தேவைப்பட்டால் திருத்துவார். காசு கொடுத்தவர் தயாரிப்பாளர்தான். ஆனாலும் படம் தெருவுக்குச் சொந்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. எங்கள் கம்பெனியில் இருந்த பதினோரு பேரில் நான்கு பேர் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனார்கள், ஒருவர் ஆட்டோ ஓட்டினார், மாஸ்டர் ஊருக்கே போய்விட்டார். அந்த நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காலம் மாறும். ஆனால் அந்தத் தொழில் போனபோது, தெருவில் நிற்கிறவர் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் பழக்கமும் கூடவே போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2009, 2010 வாக்கில் நீங்கள் எங்களை மறுபடியும் கூப்பிட்டீர்கள். போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலை முதலான பெரிய சாலைகளின் மதில்களில் கோயில், கிராமக் கலை, தமிழர் பண்பாடு என்று படம் வரைய வைத்தீர்கள். பேனர் தொழில் போன பல பேருக்கு அது வாழ்வு தந்தது. நானும் அந்த வரிசையில் நின்று வரைந்தேன். நன்றியோடு சொல்கிறேன். ஒரு ராத்திரி, பசை வாளியோடும் போஸ்டர் கட்டோடும் வந்த இரண்டு பையன்கள் நான் வரைந்த கரகாட்டக்காரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த மதிலுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அபராதப் பலகை எதையும் அவர்கள் மதித்ததில்லை. அந்தப் படத்தை மதித்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? வெயில் அடித்தது, மழை பெய்தது. சாலையில் பள்ளம் தோண்டி மூடினார்கள், மதிலின் அடியில் சேறு தெறித்தது. கரகாட்டக்காரியின் முகம் உரிந்தது. அதன் மேல்தான் போஸ்டர் மறுபடி வந்தது. வரைவதற்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து ஒருவன் வாளியும் துணியும் கொண்டுவந்து கழுவி, உரிந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போகவும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம்.

இது தொழில் தெரிந்தவனிடம் கேட்டால் உடனே சொல்லக்கூடிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவர்ப் படம் சாவது மேலிருந்து இல்லை, கீழிருந்து. நம் ஊர் மதில்களில், அதிலும் கூவம், அடையாறு ஓரத்திலும் கடற்கரைப் பக்கமும், தரையிலிருந்து ஓதம் ஏறும். உள்ளே போன ஈரம் வெளியே வரும்போது உப்பு பூக்கும். உப்பு பூத்த சுவரில் எந்த உயர்ந்த பெயின்டும் நிற்காது, பொரிந்து கொட்டிவிடும். புதுச் சிமென்ட் பூச்சு ஒரு மாதமாவது காய வேண்டும். அதற்குள் வர்ணம் ஏற்றினால் சிமென்டின் காரமே வர்ணத்தைத் தின்றுவிடும். ஆனால் திறப்பு விழா தேதி முதலில் முடிவாகிவிடுகிறது, சுவர் காயும் நாள் யார் கணக்கிலும் வருவதில்லை. மேற்கு பார்த்த சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். காவியும் கறுப்பும் வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் அந்தச் சுவருக்கு அதற்கேற்ற படத்தை யோசிக்க வேண்டும். அலுவலக மேஜையில் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறவருக்கு அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்திருக்குமா?

என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு காலை உண்டு. ஊர் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். ஒரு நீண்ட மதிலில், நாங்கள் மூன்று பேர் பத்தொன்பது நாள் வேலை செய்து, நெய்தல் நிலத்துக் காட்சி ஒன்று வரைந்தோம். கட்டுமரம், வலை உலர்த்தும் பெண்கள், நண்டு பிடிக்கும் பிள்ளைகள். பக்கத்துக் குப்பத்துப் பெண்களே வந்து உட்கார்ந்து வலை எப்படிப் பிடிப்பது என்று கையை வைத்துக் காட்டினார்கள். "என் முகத்தைப் போடு" என்று கேட்ட ஒரு அம்மாவின் முகத்தையும் போட்டேன். எட்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனால் மதில் முழுக்க வெள்ளை. யாரோ பெரியவர் வருகிறார் என்று இரண்டே நாளில் அடித்துவிட்டார்களாம். எங்களுக்கு ஒரு போன்கூட இல்லை. எனக்கு வந்த வருத்தத்தைவிட அந்த அம்மாவுக்கு வந்த வருத்தம் பெரியது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தாராம்.

இதே ஊரில் ஒரு சிலைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலைகளில் கண்ணகியும் ஒன்று. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது. ஊரே பேசியது. எழுதினார்கள், போராடினார்கள். 2006-இல் திரும்ப வந்து நின்றது. சிலை காணாமல் போனால் கேள்வி வருகிறது. சுவர்ப் படம் காணாமல் போனால் ஏன் வரவில்லை? அதை யார் வரைந்தார்கள், எப்போது வரைந்தார்கள், யார் பொறுப்பில் இருக்கிறது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. பெயர் இல்லாத பொருள் தொலைந்தால் யார் போய்ப் புகார் கொடுப்பது?

மெரினாவின் உழைப்பாளர் சிலையை நினைத்துப் பாருங்கள். அரசு ஓவியக் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959 குடியரசு நாளுக்கு முந்தைய நாள் நிறுவப்பட்டது. பாறையைப் பெயர்க்க முட்டுக்கொடுக்கும் நான்கு பேர். அவர்கள் தலைவர்கள் இல்லை, பெயர் தெரிந்தவர்கள் இல்லை. 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய ஊருக்கு அது எவ்வளவு பொருத்தம்! இன்றைக்கும் மே ஒன்றாம் தேதி அங்கே மாலை விழுகிறது. மற்ற நாட்களில் அது ஊருக்கு அடையாளம். "உழைப்பாளர் சிலைகிட்ட நிக்கிறேன், வந்துடு" என்று போனில் சொல்கிறவர்கள் அதை அண்ணாந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் அது அங்கே இல்லையென்றால் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்விடும். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா அதன் எதிரே நிறுத்தி, "அந்த முதுகைப் பாரு, நரம்பு எப்படி இழுத்திருக்கு பாரு" என்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தன் முதுகு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்திருக்கும்.

தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் இருக்கும், சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவின் சிலையும் அப்படித்தான். லண்டனில் சான்ட்ரி என்ற சிற்பி செய்து, 1839-இல் இங்கே நிறுவியது. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை, வேண்டுமென்றே விட்டார் என்று இன்னொரு கதை. வெள்ளைக்காரர்கள் வைத்த சிலையைக்கூட இப்படிக் கதை கட்டித்தான் நம் ஜனங்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

சமீபத்தில் நடந்த நல்ல வேலைகளையும் நான் மறைக்கவில்லை. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தைச் சதுரங்கக் கட்டமாக்கியபோது என் பெண்ணும் நானும் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றோம். 1869-இல் கட்டிய பாலத்தை அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாக நின்று பார்த்தார்கள். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் 2021-இல், எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பதைச் சொல்வதற்காக வரைந்த பெரிய முகங்களை நான் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். முகம் வரைகிறவனுக்கு முகத்தின் கஷ்டம் தெரியும். அவ்வளவு உயரத்தில், அவ்வளவு பெரிதாக, ஒரு கண்ணுக்குள் உயிர் வரவைப்பது லேசான காரியம் இல்லை.

கண்ணகி நகரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் ஆற்றோரமும் கால்வாய் ஓரமும் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து துரைப்பாக்கத்துக்கு அப்பால் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். வேலைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் முகவரியில் அந்தப் பெயரை எழுதத் தயங்கிய காலம் உண்டு. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் வரைய வைத்தார்கள். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது பத்து வயசுப் பையன் ஒருவன் கூப்பிடாமலேயே வழிகாட்டினான். எந்தப் படம் எந்த பிளாக்கில், எது முதலில் முடிந்தது, சாரத்தில் ஏறி வரைந்த வெளிநாட்டு அக்கா எந்தக் கடையில் டீ குடித்தார் என்று எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் தெருவைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பதில் அவனுக்கு எவ்வளவு பெருமை! அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

இரண்டாம் தடவை போனபோது ஒரு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். தண்ணீரையும், வேலைக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதையும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. படம் அதையெல்லாம் தீர்த்துவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. தீர்க்காது என்பதால் படமே வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. மயிலாப்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் அழகு வேண்டுமென்றால் கண்ணகி நகருக்கும் வேண்டும். வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் வேண்டும். அங்கே வரைந்தது நல்ல காரியம். ஆனால் அந்த நிறமெல்லாம் வெளுக்கும்போது யார் வரப்போகிறார்கள்? அந்தப் பையன் வளர்ந்து, உரிந்த சுவரைக் காட்டி வழிசொல்லும் நிலை வரக் கூடாது.

கோலம் மட்டும் விதிவிலக்கு. வாசலில் போடுகிற கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். போட்டவரே மறுநாள் காலை தண்ணீர் தெளித்து அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார். அழிவதற்கென்றே போடுவது அது, யாருக்கும் வருத்தம் இல்லை. தூண்களில் பெயின்டால் கோலம் வரையலாமே என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லக் கேட்டேன். தயவுசெய்து வேண்டாம். கோலம் தரைக்கும் விரலுக்கும் சொந்தம். அதற்குப் பதிலாக, கோலம் போடுகிற பெண்களைக் கூப்பிட்டு, "இந்தத் தூணில் என்ன இருந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். வடிவம், அளவு, இடைவெளி பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பல டிசைனர்களுக்குத் தெரியாது.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சுவரை அலங்கோலம் செய்வதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. உழைப்பாளர் சிலை வந்த அதே வருஷம். அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரம், கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும் 1959-இல்தான். பிரான்சில் 1951-லேயே, அரசு கட்டும் பள்ளிகளுக்கு இப்படி ஒரு விதி வந்திருந்தது. நீங்களும் ஒவ்வொரு மேம்பாலத்திலும், சுரங்கப்பாதையிலும், பேருந்து நிலையத்திலும் இப்படி ஒரு பங்கை எடுத்து வையுங்கள். எவ்வளவு என்பது உங்கள் நிதிநிலையைப் பொறுத்தது. ஆனால் அதில் ஒரு பாதியையாவது வரைந்த பிறகு கழுவவும், ஓதம் பார்க்கவும், தொட்டுக்கொடுக்கவும் வையுங்கள்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வரைந்தவர் பெயரும் வருஷமும் இருக்கட்டும். இதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. மண்டல அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும்: எந்தச் சுவர், யார் வரைந்தது, என்ன பெயின்ட், கடைசியாக எப்போது கழுவியது. அந்தச் சுவரை இடிக்க நேர்ந்தால் இடியுங்கள், வெள்ளை அடிக்க நேர்ந்தால் அடியுங்கள். ஆனால் வரைந்தவருக்கும் அந்தத் தெருவுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். இது தயவு கேட்பதும் இல்லை. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு படைத்தவருக்கு உரிமை தருகிறது என்று சொல்லி, மிச்சம் இருந்த சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வெண்கலத்துக்கு இருக்கும் மரியாதை எமல்ஷனுக்கும் இருக்க வேண்டும்.

வேலை கொடுக்கும் முறையையும் மாற்றுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று டெண்டர் விடும்போது என்னைப் போன்றவர்களால் டெபாசிட் கட்ட முடியாது. கட்ட முடிந்த ஒருவர் எடுத்து, இன்னொருவரிடம் கொடுத்து, கடைசியில் நாங்கள் தினக்கூலிக்கு நிற்கிறோம். சதுர அடியை ஓட்ட வேண்டியிருப்பதால் பிரைமர் ஒரு கை குறைகிறது, முகம் ஒரே அச்சாகிறது. ஓவியர்களிடம் நேரடியாகக் கொடுங்கள். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து வருகிற பிள்ளைகளையும், எங்களைப் போல் பேனரில் கற்ற கிழவர்களையும் ஒரே சாரத்தில் ஏற்றுங்கள். அவர்களிடம் இருப்பது எங்களிடம் இல்லை, எங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லை.

அப்புறம், தெருவைக் கேளுங்கள். 2022-லிருந்து வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. குப்பை, கொசு, சாக்கடை எல்லாம் அங்கே பேசுகிறோம். அந்தப் பட்டியலில் சுவரையும் சேருங்கள். மாதிரிப் படத்தை அந்தச் சுவரிலேயே ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். ஜனங்கள் சொல்வார்கள். "இடது கண்ணு இறங்கிப் போச்சு" என்று சொல்ல இந்த ஊரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். எங்கள் டீக்கடைக்கு எதிரே இருக்கிற தூணைப் பற்றி, அங்கே வழக்கமாக நிற்கிறவர்களிடம் ஒரு மாதமாகக் கேட்டேன். டீ மாஸ்டர், ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன்மார், கீரை விற்கிற அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலைவர் படம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார், சாமி படம் வேண்டும் என்று இரண்டு பேர். மற்ற பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: தூண் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது, அதை வரைய வேண்டும். கீரைக்கார அக்கா இருபது வருஷம் அதன் நிழலில் உட்கார்ந்தவர். எந்தக் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். நான் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.

உங்களில் யாராவது ஒருவர், எந்த நாள் காலையிலாவது, ஆறரை மணிக்கு அந்த டீக்கடைக்கு வாருங்கள். தூணுக்குக் கிட்டே போக வேண்டாம். எதிர்ச் சாரியில் அக்காவின் பக்கத்தில் நின்று, அந்த நோட்டை வைத்துக்கொண்டு பாருங்கள். தூணின் எண்ணையும் அக்காவின் ஒப்புதலையும் தனியாக எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
1986 முதல் இந்த ஊர்ச் சுவர்களில் வரைந்துவரும் ஓவியர்,
வளசரவாக்கம், சென்னை